பசை காயும் வரை

சமையலறை அலமாரியின் ஐந்தாவது கதவு நிற்க மாட்டேன் என்றது. மற்ற நான்கும் நேற்றே ஏறிவிட்டன, பிஸ்தாப் பச்சையில், குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி மினுங்கிக்கொண்டு. சிங்க்குக்கு இடப்பக்கம் இருக்கிற இந்த ஒன்றுதான் மாட்ட மாட்டத் தொங்குகிறது. தச்சர் மரியதாஸ் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பெட்டிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இங்க வந்து பாருங்" என்றார். நித்திலா போகவில்லை. சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்றபடியே "என்னுங்க?" என்றாள், என்னவென்று தனக்குத் தெரியாததுபோல. "கீல் இருந்த எடம் பூராப் பிச்சுக்கிட்டு வந்துருக்குதுங். ஆடி ஆடித் தேஞ்சிருந்தா ஓட்டை பெருசாயிருக்கும், அவ்வளவுதான். இது செதில் செதிலாப் பேந்திருக்குது. தொறந்திருந்த கதவு மேல யாரோ பலமா விழுந்திருக்கோணுங்." அடுப்பில் பருப்புக் கடைந்துகொண்டிருந்த அம்மா திரும்பாமலே, "வேலைக்காரி ஏறி நின்னிருப்பா, பரண்ல இருந்து அண்டா எடுக்கறதுக்கு" என்றாள். எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பதில், மத்து ஒரு சுற்றுக்கூடத் தவறவில்லை. இந்த வீட்டில் வேலைக்காரி என்று ஒருத்தி இருந்ததே கிடையாது, நித்திலா பிறந்து இருபத்துமூன்று வருஷத்தில் ஒருத்திகூட இல்லை. ஒரே வாக்கியத்தில் அம்மா ஒரு பெண்ணைப் பிறக்கவைத்து, கதவின்மேல் ஏற்றிவிட்டு, வேலையை விட்டும் அனுப்பிவிட்டாள். "பெட்டியவே மாத்தறதுதானுங் முறை" என்றார் மரியதாஸ். "அடப் போங்க, இன்னிக்கு இருக்கற அவசரத்துல பெட்டியப் பத்திப் பேசிக்கிட்டு. உள்ள எப்படியோ இருந்துட்டுப் போகுது. வெளிய பாத்தா அஞ்சும் ஒண்ணாட்ட இருக்கோணும், அவ்வளவுதான்."

வெளியே பார்த்தால் ஒன்றாட்டம். இரண்டு வருஷமாக அந்தக் கதவு கீலில்லாமல், பெட்டிவாயில் சும்மா சாத்தி வைத்தபடிதான் இருந்தது. உள்ளிருந்து ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் கதவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எடுப்பார்கள், எடுத்தபின் மறுபடி தூக்கிச் சாத்துவார்கள், அம்மா அப்படித்தான், அவளும் அப்படித்தான், அண்ணன்கூட ஒருமுறை அப்படித்தான். ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம் என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை, ஏனென்றால் வருகிற ஆள் என்ன ஆச்சு என்று கேட்பான். இன்றைக்கு வந்தவர் கேட்கவுமில்லை, தானே சொல்லிவிட்டார். பழைய கதவுகள் ஐந்தும் பின்பக்கம் துவைக்கிற கல்மேல் அடுக்கிக் கிடக்கின்றன, காபிக்கொட்டை நிற மைக்கா, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறபோது இந்தச் சமையல்கட்டையா காட்டுவது என்று அம்மாதான் ஆரம்பித்தாள். இடித்துக் கட்ட நாள் இல்லை. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்றி, வெளியே தெரிகிற பக்கப் பலகைக்கும் அதே பச்சையை ஒட்டிவிட்டால் நாலே நாளில் புதுசு. கீலை அண்ணனே கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்துவந்தான், தானாக மெதுவாய்ச் சாத்திக்கொள்கிற வகை. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி நாலு விரல்கடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதுங்கிப் போய் ஒட்டிக்கொள்ளும். நேற்று நான்கையும் தள்ளித் தள்ளிக் காட்டினான், இடது கையால். சாப்பாட்டைத் தவிர எல்லாமே அவனுக்கு இடது கைதான். "பாத்தியா, இனிமே இந்த வீட்ல கதவுச் சத்தமே கேக்காது." அம்மா சிரித்தாள். நித்திலாவும் சிரித்தாளா? சிரித்திருப்பாள். சத்தம் கேட்டுத்தானே அன்றைக்கு எழுந்து வந்தாள். இனி எதைக் கேட்டு எழுந்து வருவது?

வரப்போகிறவர்கள் கோபிப் பக்கம். பெண் பெயர் அபிராமி, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறாள். அண்ணனுக்கு இது இரண்டாவது கல்யாணம் என்பதை யாரும் மறைக்கவில்லை; விவாகரத்துக் காகிதத்தை அம்மாவே தரகரிடம் கொடுத்தனுப்பினாள். மறைத்தது காகிதத்தில் இல்லாததை. "ஒத்து வரலைங்க, எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசற புள்ள" என்று சொன்னால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிடுகிறார்கள், எதிர்த்துப் பேசுவது ஏதோ தொற்றுநோய் மாதிரி. அப்படியானால் முதலில் பிடித்துக் கட்டவேண்டியது நித்திலாவைத்தான், எதிர்த்துப் பேசியே கோப்பை வாங்குகிறவளை! சரி, கோபம் அப்புறம். நேரத்தைப் பார். பதினொன்றரைக்கு வருவார்கள், வீட்டைத் தானும் பார்க்கவேண்டும் என்று பெண்ணும் கூட வருகிறாள். இன்றைக்கு ஒரே ஒரு சம்பிரதாயம்தான், கை நனைக்கிறது. பெண் வீட்டார் வந்தால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள், பேசுவார்கள். மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் இலையில் உட்காருவார்கள். இலையில் தண்ணீர் தெளித்து ஒரு கவளம் எடுத்துவிட்டால் தீர்ந்தது. நிச்சயதார்த்தம், பத்திரிகை எல்லாம் அதற்கப்புறம் நடக்கிற வெறும் வேலை. பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் "கை நனைச்சுட்டமே" என்பார்கள், ஏதோ கையில் பச்சை குத்திக்கொண்டதுபோல. ஆகவே சொல்வதென்றால் இலை போடுவதற்குள் சொல்லவேண்டும். ஆகவே. அவளுக்குப் பிடித்த சொல் அது. பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை இரண்டாம் வருஷம், எந்த மேடையிலும் "ஆகவே நடுவர் அவர்களே" என்று அவள் தலையை நிமிர்த்தும்போது எதிரணிக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று வார்டனோடு முக்கால் மணி நேரம் வாதாடியவள், பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்த ஒருவரை அரசியல் சாசனம் சொல்லி எழுப்பியவள். அவள் வாய் திறக்காத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி, இந்தச் சமையல்கட்டு.

"தீக்குச்சி ஒரு பொட்டி குடுங்க அம்மிணி" என்றார் மரியதாஸ். கொடுத்தாள். அவர் ஒவ்வொரு குச்சியாகத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பசையில் முக்கி, பிய்ந்துபோன ஓட்டைகளுக்குள் திணித்து, சுத்தியலின் பின்முனையால் தட்டினார். டொக், டொக். மருந்துத் தலைகள் தரையில் சிவப்புச் சிவப்பாய்ச் சிதறின, எறும்புகள் மாதிரி. டொக். இந்தச் சத்தம் இல்லை அது. அன்றைக்குச் சாயங்காலம் ஆறரை இருக்கும், அவள் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுநாள் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள், தலைப்பு பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவது சட்டமா சமூகமா, சட்டமே என்ற அணியில் அவள். கோகிலவாணி நங்கை, அண்ணன் மனைவியை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது, நங்கைக்கு ஒரு பழக்கம். இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தால் குதிகாலைப் பின்னுக்கு வீசிக் கதவைச் சாத்துவாள், டப், நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், நடனக்காரி மாதிரி. நித்திலாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும், தனியாக இருக்கும்போது செய்து பார்த்துக் கால்விரலை இடித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்கு ஆகாது. "கதவை ஒழுங்காச் சாத்தத் தெரியாதா உனக்கு?" என்று மாதத்துக்கு நாலுமுறை கேட்பான், ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட மெதுவாக, குரல் இறங்க இறங்கத்தான் பயம். அன்றைக்கு ஒரு டப் கேட்டது. மெதுவாக ஏதோ ஒரு பேச்சு. பிறகு மரம் பிளக்கிற சத்தம், ஹெட்போனைத் தாண்டி, காதுக்குள் இல்லை பல்லுக்குள் கேட்டது. ஓடிவந்தாள். நங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியின் குறுக்கே கதவு, ஒற்றைத் திருகாணியில் கீல் தொங்கிக்கொண்டு. வலது காதைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தாள். அண்ணன் முதுகைக் காட்டியபடி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், முழு டம்ளரையும், நிதானமாக, தொண்டைக் குழி ஏறி இறங்குவது பக்கவாட்டில் தெரிந்தது. "கதவு விழுந்துருச்சு" என்றான். நங்கை அண்ணனைப் பார்க்கவில்லை, நித்திலாவைப் பார்த்தாள். "ஆமா அம்மிணி. கதவுதான்." அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு கேள்வி கேட்கிற அளவு நேரம் இருந்தது. நித்திலா கேட்கவில்லை. அம்மா வந்து, "நீ போய்ப் படி கண்ணு" என்றாள். அவள் போய்ப் படித்தாள். மறுநாள் முதல் பரிசு.

அந்தப் போட்டிக்கு அவளை வண்டியில் கூட்டிப்போனதும் அண்ணன்தான், அதுதான் எங்கும் சிக்கிக்கொள்கிற இடம். அப்பா போனபிறகு எல்லாப் போட்டிக்கும் அவன்தான். அரங்கத்தின் கடைசி வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவள் முடித்ததும் முதலில் தட்டுகிற கை அவனுடையது, "என் தங்கச்சிங்க" என்று பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வான். அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதான் என்று அவள் புத்திக்குத் தெரிகிறது, வேறெங்கோ ஏற மறுக்கிறது. மூன்று மாதம் கழித்து நங்கை தாய்வீட்டிலிருந்து போன் செய்தாள். "அம்மிணி, நாளைக்குப் பெரியவங்கல்லாம் பஞ்சாயத்துப் பேச உக்காருறாங்க. நாஞ் சொன்னா எதிர்த்துப் பேசறேங்கறாங்க. நீ படிச்ச புள்ள, நீ சொன்னாக் கேப்பாங்க. நீ பாத்ததை மட்டும் ஒருக்காச் சொல்லு சாமி." நித்திலா அப்போது சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது, மேடையில் பேசியது எதுவும் இவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை. "நான் பாக்கலைங்களே நங்கை. சத்தம் கேட்டுத்தான வந்தேன். வந்தப்போ கதவு விழுந்திருந்துச்சு, நீங்க உக்காந்திருந்தீங்க. நடுவுல நடந்ததுக்கு நான் நேர்சாட்சி இல்லையே." நேர்சாட்சி! ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு உதவி கேட்கிறாள், இவள் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறாள். போனில் அந்த வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ ஒரு சீரியல் கதாபாத்திரம் அழுதுகொண்டிருந்தது. "செரி அம்மிணி" என்றாள் நங்கை. "நல்லாப் படி." திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். நடுவர் அவர்களே, தரை முழுக்க ஈரம், கூரை சொட்டுகிறது, வாசலில் குடை காய்கிறது, ஆனால் மழை பெய்ததை நான் பார்க்கவில்லை என்று ஒருத்தி சொல்கிறாள், அவள் பொய் சொல்கிறாளா? இல்லை. உண்மை சொல்கிறாளா? அதுவும் இல்லை. மணி அடிக்கிறது, நேரம் முடிந்துவிட்டது, கைதட்டல்.

"முடிஞ்சுதுங்" என்று மரியதாஸ் எழுந்தார், முட்டி சொடுக்கியது. பழைய பக்கம் திருகாணி பிடிக்கவே பிடிக்காது என்பதால் கீலை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். மற்ற நான்கு கதவுக்கும் கீல் இடப்பக்கம், இதற்கு மட்டும் வலப்பக்கம். மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, ஐந்தும் ஒரே பச்சை, ஒரே மினுக்கம். திறந்தால் மட்டும் சிங்க்கை மறித்துக்கொண்டு நிற்கும். "இந்தப் பக்கமும் ஈரம் குடிச்சுத்தானுங் கெடக்குது. இங்கயும் குச்சி வெச்சுப் பசை ஊத்தித்தான் முடுக்கியிருக்கறன். நாளைக்குக் காத்தால வரைக்கும் இதும்மேல கனம் எதுவும் படக்கூடாது, சொல்லிப்போட்டேன். காஞ்சுதுன்னா கல்லாட்ட நின்னுக்கும். காயறதுக்குள்ள யாராச்சும் சாஞ்சா, மறுக்காப் பேந்துக்கும்." "யாரு சாயப்போறா" என்றாள் அம்மா. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். போகும்போது நித்திலாவை ஒரு நொடி பார்த்தார், அல்லது அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா விளக்குமாற்றால் தீக்குச்சித் தலைகளைக் கூட்டினாள், ஒன்று மட்டும் பெட்டிக்கடியில் உருண்டு ஓடியது. பசையின் புளித்த பால் வாசமும் நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசமும் ஒன்றாகக் கலந்தன. குனிந்து டம்ளரைச் சிங்க்கில் போட்டபோதுதான் பார்த்தாள், ஐந்து கதவின் மினுக்கத்திலும் ஐந்து ஜோடிப் பாதங்கள், வெள்ளை வேட்டிக் கரையோடு, அசையாமல். திரும்பினாள். அண்ணன். எவ்வளவு நேரமாக நிற்கிறான்? "என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? இன்னிக்கு எந்தப் பட்டிமன்றமும் வேண்டாந் தாயே, அவங்க அப்பாவுக்கு ஏற்கனவே பிரஷராமா" என்று சிரித்து, அவள் உச்சந்தலையில் இடது கை விரல்களால் ஒரு தட்டுத் தட்டினான். செல்லத் தட்டு. சின்ன வயசிலிருந்து தட்டுகிற அதே தட்டு. கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. அவனும் அதைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் ஏதோ மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கார் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. "வாங்க வாங்க", "இருக்கட்டுங்க", "வெயில் என்னமா அடிக்குது", ஹாலில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், ஆறு பேர், அவர்களில் பேசுகிறவர் பெண்ணின் அப்பா நாச்சிமுத்து ஒருவர்தான், மற்றவர்கள் சுவரையும் ஃபேனையும் பார்த்தார்கள். "வீடு காத்தோட்டமா இருக்குதுங்" என்றார். "அதென்னுங்க இத்தனை கோப்பை?" "எங்க புள்ள வாங்கினதுங்க, பேச்சுப்போட்டில" என்றாள் அம்மா. "அப்ப வக்கீல் வெளிய தேட வேண்டியதில்ல" என்று அவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அண்ணன்தான் சத்தமாக. இப்போது சொல்லலாம், எல்லோரும் சிரித்து முடித்த இந்த இடைவெளியில். முதல் வாதம், இரண்டாம் வாதம், முடிவுரை. ஆனால் எங்கே தொடங்குவது, வணக்கம் சொல்லியா? சொன்னால் அம்மா என்ன ஆவாள், இந்த ஊரில் இனி எவள் கழுத்தை நீட்டுவாள் அண்ணனுக்கு, அண்ணன் மாறியிருந்தால், மனுஷன் மாறமாட்டானா, நீ என்ன நீதிபதியா, நேர்சாட்சிகூட இல்லை நீ. எதிரணியும் அவளே பேசினாள், நன்றாகவும் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது. அம்மாவின் குரல்: "நித்திலா, அபிராமிக்குச் சமையல்கட்டைக் காட்டு கண்ணு. நாங்க அதுக்குள்ள இலையப் போடறோம்."

அபிராமி போட்டோவில் இருந்ததைவிட உயரம். மாம்பழ மஞ்சள் பட்டு, கையில் ஒரு வாட்ச், நேரம் சரியாக வைத்திருக்கிற வாட்ச். உள்ளே வந்ததும் மூச்சை விட்டாள். "அப்பாடா. அங்க உக்காந்திருந்தா பல்லக்குல வெச்ச சாமியாட்ட இருக்குதுங்க" என்றாள். நித்திலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம். பிடிக்காத பெண்ணாக வந்திருந்தால் எவ்வளவு சுலபம். "நீங்கதானா அந்த வக்கீலு? எனக்கு மேடைன்னாலே தொடை நடுங்கும். பசங்க முன்னாடி மட்டும் பேசுவேன். கேள்வி மிஸ்ஸுன்னு பேரு வெச்சிருக்கறாங்க." "ஏனுங்க?" "பாத்தீங்களா, நீங்களே கேக்கறீங்க" என்று சிரித்தபடி முதல் கதவைத் திறந்தாள். தள்ளிவிட்டாள். அது வேகமாகப் போய், கடைசியில் தயங்கி, சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. "அட! எவ்வளவு வேகமாத் தள்ளினாலும் இதுக்குக் கோவமே வராதாட்ட இருக்குது." இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. ஒவ்வொன்றும் பதுங்கிப் பதுங்கிச் சாத்திக்கொண்டது, ஒவ்வொன்றிலும் மஞ்சள் புடவை ஒருமுறை கோணலாகி நேரானது. ஹாலில் இலை விரிகிற சரசரப்பு. ஐந்தாவதின் கைப்பிடியில் அவள் விரல் பட்டபோது நித்திலா "அது வேண்டாங்க" என்றாள், அல்லது சொல்ல நினைத்தாள். கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்து அபிராமியின் முட்டியில் இடித்தது. "இது மட்டும் என்னுங்க மாறித் தொறக்குது? கீல் இந்தப் பக்கம் இருந்தா சிங்க்ல நிக்கறவளுக்கு இடிக்குமே. அந்தப் பக்கம் வெக்கறதுதான செரி?" கேட்டுக்கொண்டே புடவையை ஒதுக்கிக் குனிந்தாள். கேள்வி மிஸ். பெட்டியின் உள்பக்கம் விரல் வைத்தாள். "இதென்ன, தீக்குச்சியா? எவ்வளவு அடைச்சு வெச்சிருக்குது. ஒரு கதவு இப்படியாங்க பிச்சுக்கிட்டு வரும்?"

நாக்கு நுனியில் வேலைக்காரி தயாராக நின்றாள். எத்தனை வசதியான பெண் அவள், கூப்பிட்டதும் வருகிறாள், பரணில் ஏறுகிறாள், கதவை உடைக்கிறாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. "வேலை" என்று நித்திலா தொடங்கியும்விட்டாள். அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், யோசித்து இல்லை, வாயில் இருந்த எச்சில் மாதிரி. ஹாலில் அம்மா, "உக்காருங்க சம்பந்தி, இலை போட்டாச்சு, பொண்ணு வரட்டும், நீங்க கை நனைங்க" என்றாள். சம்பந்தி! அதற்குள் சம்பந்தி. டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், ஒன்று, இரண்டு, அவள் காது எண்ணிக்கொண்டே போனது. "வேலையா?" என்றாள் அபிராமி. "இல்லைங்க" என்றாள் நித்திலா. அவள் குரல் மேடைக் குரலாக இல்லை, யாரோ சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "எங்கண்ணன் அடிச்சுத் தள்ளிவிட்டாங்க. முன்னாடி இருந்த நங்கை இந்தக் கதவு மேல விழுந்தாங்க." அபிராமி குனிந்தபடியே இருந்தாள். நிமிராமல் கேட்டாள், வகுப்பில் கேட்பதுபோலத்தான், கோபமில்லாமல்: "நீங்க பாத்தீங்களா?" நங்கை கேட்டதும் இதைத்தான். இரண்டு வருஷமாக ஒளிந்திருந்த இடத்தின் கதவை இவள் வந்து நேராகத் திறந்துவிட்டாள். "பாக்கலைங்க" என்றாள் நித்திலா. "சத்தம் கேட்டுச்சு. வந்தேன். அவங்க வலது காதைப் பொத்திக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தாங்க. எங்கண்ணன் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாங்க. கதவு விழுந்துருச்சுன்னாங்க. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்." ஆகவே என்ற சொல்லே வரவில்லை. அதைச் செருக இடமும் இல்லை. அபிராமி விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள். நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "பசை இன்னும் காயலை" என்றாள், தனக்குத்தானே. கைக்கெட்டுகிற தூரத்தில் குழாய் இருந்தது, கழுவிக்கொள்ளவில்லை. அந்த ஒரு விரலை மட்டும் மற்ற விரல்களோடு சேர்க்காமல் விறைப்பாகப் பிடித்தபடி ஹாலுக்கு நடந்தாள். "அப்பா." "வா சாமி, உக்காரு." "தண்ணி தெளிக்காதீங்கப்பா. எந்திரிங்க." "என்ன கண்ணு?" "எந்திரிங்கப்பா. வண்டியில சொல்றேன்."

யார் என்ன பேசினார்கள் என்று நித்திலாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை, அல்லது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. நாற்காலிகள். "என்னுங்க இது, இலை போட்டபிறகு." "பொண்ணு கூப்பிடுது, தப்பா நினைச்சுக்காதீங்க." செருப்புகள் தேடிப்பிடிக்கிற அவசரம். அம்மா "புள்ளைக்கு உடம்புக்கு முடியலையா? எலுமிச்சங்காய்த் தண்ணி குடுக்கட்டுங்களா?" என்று வாசல்வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள். அண்ணன் குரல் மட்டும் இல்லை. வெளியே கார்க் கதவுகள் டப், டப், டப் என்று சாத்திக்கொண்டன. எத்தனை நாளாயிற்று இந்த வீட்டைச் சுற்றி இப்படி ஒரு சத்தம் கேட்டு. நங்கையின் குதிகால் ஞாபகம் வந்தது. போன் செய்ய வேண்டும், எண் மாற்றியிருப்பாளோ, மாற்றாவிட்டாலும் என் பெயரைப் பார்த்தால் எடுப்பாளா, எடுத்தால் என்ன சொல்வது, நல்லாப் படித்தேன் நங்கை என்றா. கார் ஓசை தெருமுனையில் தேய்ந்தது. வாசல் கதவைத் தாழிடுகிற சத்தம். அம்மா தாழிட்டிருந்தால் வளையல் கேட்டிருக்கும். கேட்கவில்லை. ஹாலில் ஆறு இலை, ஓரத்தில் உப்பும் இனிப்பும் வைத்தது வைத்தபடி, ஃபேன் காற்றில் நுனி படபடத்துக்கொண்டிருக்கும். ஓடலாம், பின்வாசல் திறந்துதான் இருக்கிறது, துவைக்கிற கல்லைத் தாண்டினால் சந்து. கால் நகரவில்லை. நான்கு பச்சைக் கதவுகளிலும் கீழ்ப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ வந்தது, கரை தெரிந்தது, பாதங்கள் தெரிந்தன, நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில் ஒரு அடி எடுத்து வைத்தன. "என்ன சொன்ன அவகிட்ட?" என்றான் அண்ணன். மெதுவாகத்தான் கேட்டான், அவ்வளவு மெதுவாக அவன் அவளிடம் பேசியதே இல்லை. அம்மா அவனுக்குப் பின்னால் எங்கோ, "நீ போய்ப் படி கண்ணு" என்றாள், குரல் உடைந்திருந்தது. நித்திலா பின்னால் ஓரடி வைத்தாள். முழங்காலின் பின்பக்கம் ஏதோ வழவழப்பாக இடித்தது. அபிராமி திறந்த ஐந்தாவது கதவு, யாரும் சாத்தாமல் அப்படியே நின்றிருந்தது. அவனும் அதைப் பார்த்தான். நாளைக் காலைவரைக்கும் கனம் எதுவும் படக்கூடாது. வழக்கமாக இப்படி ஏதாவது வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், இடி இடித்தால், ஊசி போட்டால், பஸ் பிரேக் போட்டால். இடது கை அவன் இடுப்பிலிருந்து கிளம்பியது. அவள் கண்ணை மூடவில்லை. அகலமாக, எரிகிற அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள்.